மளிகைப் பையா, பொருள் அறையா, சமைத்த சோறா, கடைக் கணக்கா: பசியில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவ எந்த வழி பொருந்தும்?

குடியிருப்போர் நலச் சங்கத்தினர், கல்லூரிப் பழைய மாணவர்கள், கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் சார்ந்த இளைஞர் குழுவினர் எனப் பலரும் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வருகிறார்கள். கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. வார இறுதியில் உழைக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பக்கத்துக் குடியிருப்பில் மாதக் கடைசியில் ஒருவேளைச் சமையலோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் இருப்பதும் தெரிகிறது. இதற்குமேல் என்ன செய்வது என்பதில்தான் குழுவுக்குள் கருத்து பிரிகிறது. ஒருவர் ஆளுக்கொரு மளிகைப் பை கொடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் சமைத்துப் போடுவதுதான் புண்ணியம் என்கிறார், மூன்றாமவர் தெருமுனையில் குளிர்பெட்டி வைத்ததைச் செய்தியில் பார்த்திருக்கிறார். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டு நகரங்களில், குறிப்பாகச் சென்னையிலும் அதன் புறநகரிலும், இப்படி முடிவெடுக்கத் தடுமாறும் சிறு குழுக்களுக்காக எழுதப்படுகிறது.

## இங்கே பசி எப்படிப்பட்டது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ வரை. மற்ற அட்டைகளுக்கு வகையையும் உறுப்பினர் எண்ணிக்கையையும் பொறுத்து அளவு மாறும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அட்டைக்கு ஒன்று வீதம் கிடைக்கின்றன. ஆனால் இவை இரண்டும் சில மாதங்களில் தாமதமாக வருவதுண்டு. அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவோடு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்த காலை உணவும் உண்டு.

ஆகவே இங்கே ஒரு குடும்பம் பசியில் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அந்த வீட்டில் அரிசி இல்லை என்று பொருளாகாது. பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், முட்டை ஆகியவற்றுக்குக் காசில்லை, சிலிண்டர் தீர்ந்துவிட்டது, சம்பாதிப்பவர் மருத்துவமனையில் கிடக்கிறார், அல்லது சம்பளத்தின் பெரும்பகுதி வட்டிக்கும் மதுவுக்கும் போய்விடுகிறது. அரிசியே இல்லாதவர்கள் வேறு ஒரு கூட்டம். அட்டையில்லாதவர்கள், வசதியாக இருந்த காலத்தில் அரிசி கிடைக்காத சர்க்கரை அட்டை வாங்கிப் பின்னர் நொடித்துப் போனவர்கள், பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்காமல் திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், கைரேகை பதியாமல் கடையிலிருந்து திரும்பும் முதியவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோர் அதில் அடங்குவர். இந்த இரு கூட்டத்துக்கும் ஒரே உதவியைக் கொடுப்பதுதான் நம் குழுக்களின் பணம் வீணாவதற்கு முதற்காரணம். பத்து கிலோ அரிசி மூட்டையை ஏற்கெனவே அரிசி இருக்கும் வீட்டில் இறக்கினால், அது இட்லி மாவுக்காரரிடம் போய்க் காசாகி, பருப்பாகத் திரும்பி வரும். அப்படிச் செய்பவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் நம் தவற்றைத் தம் செலவில் திருத்திக்கொள்கிறார்.

## எதை வைத்து அளப்பது

மளிகைப் பை, பொருள் அறை, சமைத்த உணவு, பொதுக் குளிர்பெட்டி, கடைக் கணக்கு ஆகிய ஐந்து வழிகளையும் ஆறு கேள்விகளால் அளக்கலாம். அந்த வீட்டில் உண்மையில் இல்லாத பொருளை இந்த வழி கொண்டுசேர்க்கிறதா? நன்கொடையாகப் பெற்ற நூறு ரூபாயில் எவ்வளவு உணவாகிறது, எவ்வளவு வண்டிக்கும் பைக்கும் வாடகைக்கும் போகிறது? வாங்குபவர் வரிசையில் நிற்காமலும் புகைப்படத்துக்கு முகம் காட்டாமலும் பெற முடிகிறதா? உணவு கெட்டு யாருக்காவது உடல்நலக் கேடு வருமா, கூட்டம் நெரிந்து ஆபத்து வருமா? தொடங்கிய உற்சாகம் வடிந்த ஆறாவது மாதத்திலும் இதே ஆட்களால் இதை நடத்த முடியுமா? அரசு கொடுப்பதை நிரப்புகிறதா, அல்லது அதையே இன்னொரு முறை கொடுக்கிறதா?

இவற்றுள் முதலாவதும் ஐந்தாவதும்தான் தலையானவை என்பது என் கணிப்பு. மற்ற நான்கில் குறைபட்டாலும் சமாளிக்கலாம். இல்லாததைக் கொடுக்காத உதவியும், மூன்று மாதத்தில் நின்றுபோகும் உதவியும் குடும்பத்தின் கணக்கையே குலைத்துவிடும். மாதா மாதம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கியவர், அது நின்றதும் முன்னைவிடக் கீழே போய்விடுவார்.

## மளிகைப் பை

ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், உப்பு, புளி, மிளகாய்த்தூள், சர்க்கரை, தேயிலை, சோப்பு என ஒரே மாதிரியாகக் கட்டி, வீடு வீடாகவோ டோக்கன் கொடுத்தோ வழங்குவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. மொத்த வியாபாரியிடம் வாங்குவதால் பொருளின் விலை குறைகிறது, கணக்கு எளிது, நன்கொடையாளருக்கு ஒரு பையின் விலை இவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஒருமுறைக்கான உதவியாக இருந்தால் இதைவிட வேகமானது வேறில்லை. 2021 ஜூனில் கொரோனா இரண்டாம் அலையின்போது அரிசி அட்டைதாரர்களுக்கு அரசு 14 வகை மளிகைப் பொருள்களைக் கொடுத்தது, ஊரடங்கில் வருமானம் அறவே நின்றிருந்த நேரத்தில் பெரும் ஆறுதலாக இருந்தது.

மறைந்திருக்கும் செலவுகள் மாதா மாதம் கொடுக்கத் தொடங்கியதும்தான் வெளிப்படுகின்றன. எல்லாருக்கும் ஒரே பை என்பதால் இரண்டு பேர் உள்ள வீட்டில் எண்ணெய் மிஞ்சும், ஆறு பேர் உள்ள வீட்டில் பருப்பு பத்து நாளில் தீரும். சர்க்கரை நோயுள்ள தனி முதியவருக்கு ஒரு கிலோ சர்க்கரை எதற்கு? பீகாரிலிருந்து வந்த தொழிலாளிக்கு இட்லி அரிசியைவிட ஆட்டா பயன்படும். வாங்கிய பருப்பில் வண்டு விழும், சாக்கை எலி கடிக்கும், எண்ணெய்ப் பொட்டலம் உடைந்து பக்கத்துப் பைகளையும் நனைக்கும். பொருளின் தரத்தைப் பார்த்து வாங்க ஒருவர் தேவை. அந்த வேலை தெரியாதவரிடம் சிக்கினால் வியாபாரி பழைய சரக்கைத் தள்ளிவிடுவார். 2022 பொங்கலுக்கு 21 பொருள்கள் கொண்ட தொகுப்பை வழங்கியபோது தரத்தைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து புகார் எழுந்ததும், அடுத்த ஆண்டு அரசு பச்சரிசி, சர்க்கரை, கரும்போடு ஆயிரம் ரூபாய் ரொக்கம் என்று மாற்றிக்கொண்டதும் நினைவிருக்கலாம். அத்தனை பெரிய கொள்முதல் அமைப்புக்கே பல பொருள் கொண்ட பை தலைவலியாக இருந்திருக்கிறது.

கூட்டம் இன்னொரு செலவு, இதைப் பணத்தால் அளக்க முடியாது. 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணத்துக்காகக் கூடியவர்கள் நெரிசலில் சிக்கி 42 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் இலவச சேலைக்கான டோக்கன் வாங்கக் கூடிய கூட்டத்தில் நான்கு பெண்கள் உயிரிழந்தார்கள். நாம் அறுபது பேருக்குத்தானே கொடுக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அறுபது பைக்கு முந்நூறு பேர் வருவது நடக்கக்கூடியதே. பை கொடுப்பதானால் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அல்லது நேரம் குறித்த சீட்டை முன்னதாகக் கொடுத்து மணிக்குப் பத்துப் பேராக அழைக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டி மைதானத்துக்கு வரச்சொல்வதை எந்தக் குழுவும் செய்யக் கூடாது.

வெள்ளம், தீ விபத்து, திடீர் ஊரடங்கு போன்ற நேரங்களில், எல்லா வீட்டிலும் எல்லாமும் ஒரே நாளில் இல்லாமற் போகும்போது, மளிகைப் பைதான் சரியான வழி. அப்போதும் முதல் இரண்டு மூன்று நாள்கள் அடுப்பு நனைந்து கிடக்கும் என்பதால் சமைத்த உணவும் ரொட்டியும் குடிநீரும் முன்னே போக வேண்டும். பை அதன் பிறகு.

## பொருள் அறை

உணவு வங்கி என்ற ஏற்பாடு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-இல் தொடங்கியது. அங்கிருந்து பரவிய பல வடிவங்களுள் நமக்குப் பயன்படக்கூடியது, சிறு அறையொன்றில் அலமாரிகளில் பொருள்களை அடுக்கிவைத்து, வருபவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறை. குடும்பத்தின் அளவுக்கேற்ப மாதத்துக்கு இத்தனை புள்ளி என்று வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் புள்ளி குறித்துவிட்டால், ஒரு வீட்டார் அரிசியை விட்டுவிட்டு இரண்டு கிலோ பருப்பு எடுக்கலாம், இன்னொரு வீட்டார் கைக்குழந்தைக்குப் பால் மாவு எடுக்கலாம். சோப்பு, பற்பசை, மாதவிடாய் நாப்கின் ஆகியவற்றையும் வைக்கலாம். இவற்றை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் அலமாரியில் முதலில் காலியாகிறவற்றுள் இவை இருக்கும்.

இந்த வழியின் பெரிய பலம், அறையே நமக்குத் தகவல் சொல்கிறது என்பது. எது வேகமாகத் தீர்கிறது, எது தேங்குகிறது என்று மாதக் கடைசியில் பார்த்தாலே அடுத்த மாதம் என்ன வாங்குவது என்பது விளங்கிவிடும். தொடர்ந்து வருபவரோடு பழக்கம் ஏற்படுவதால், முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனது, பிள்ளை பள்ளிக்குப் போகாதது போன்றவையும் பேச்சில் வெளிவரும். பை கொடுத்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இவை தெரிய வழியில்லை.

ஆனால் ஐந்து வழிகளிலும் நிர்வாகச் சுமை அதிகமானதும் இதுவே. அறைக்கு வாடகை, எலி புகாத டின்கள், தராசு, இருப்புக் கணக்கு, காலாவதித் தேதி பார்க்கும் வேலை, வாரத்தில் குறித்த நாளில் குறித்த நேரத்தில் தவறாமல் திறக்க மூன்று பேர் ஆகியவை வேண்டும். ஒரு வாரம் திறக்காமல் விட்டால், அரை நாள் கூலியை இழந்து வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார், மறுமுறை வரமாட்டார். நன்கொடையாக வரும் பொருள்களாலும் தொல்லை உண்டு. அறை இருக்கிறது என்று தெரிந்ததும், வீட்டில் வேண்டாத பழைய சேமியா, தேதி முடியப்போகும் பிஸ்கெட், திறந்த ஊறுகாய்ப் புட்டி எல்லாம் வந்து சேரும். எதைப் பெற்றுக்கொள்வோம் என்ற பட்டியலை வாசலிலேயே ஒட்டி, மற்றவற்றை நயமாக மறுக்கத் தெரிந்த ஒருவரை அங்கே உட்காரவைக்க வேண்டும். பெரும்பாலான குழுக்களில் அப்படியொருவர் கட்டாயம் இருப்பார். அவரை எல்லாரும் கண்டிப்பானவர் என்பார்கள்.

கண்காணிப்பே இல்லாமல், இயன்றவர் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம் என்று திறந்த வண்டியில் நடத்தும் வடிவமும் உண்டு. 2021 ஏப்ரலில் மணிலா பெருநகரப் பகுதியில் ஓர் இளம்பெண் தெருவோரத்தில் மூங்கில் வண்டியொன்றில் காய்கறியும் அரிசியும் வைத்துத் தொடங்கியது, சில நாள்களில் பிலிப்பைன்ஸ் முழுதும் நூற்றுக்கணக்கான இடங்களுக்குப் பரவியது. அதே மாதத்தில், பிரபல நடிகை ஒருவர் தம் பிறந்தநாளுக்காக ஏற்பாடு செய்த அத்தகைய வண்டிக்கு எதிர்பாராத கூட்டம் திரள, வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்துபோனார். தெருவளவில், அக்கம்பக்கத்தார்க்குள், விளம்பரமில்லாமல் நடக்கும்வரைதான் திறந்த வண்டி பாதுகாப்பானது.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சங்கக் கட்டடம் ஆகியவற்றில் வாடகையில்லாத அறையொன்று கிடைத்து, நாற்பது முதல் நூற்றைம்பது குடும்பங்கள் நடந்து வரும் தொலைவில் இருந்து, முறைவைத்து வேலைசெய்ய எட்டுப் பத்துப் பேர் உறுதியாக இருந்தால் பொருள் அறையைத் தேர்ந்தெடுக்கலாம். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். குடும்பங்கள் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்கின்றன, வேலைக்குப் போகும் இடமோ வெகுதொலைவில் இருக்கிறது. அதனால் திறக்கும் நேரத்தை மாலை ஏழு மணிக்குமேல் வைக்க வேண்டும்.

## சமைத்த உணவு

1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்பதால், பசித்தவருக்குச் சோறிடுவதை நம் ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்னதானத்துக்கு நன்கொடை கேட்டால் மற்ற எதற்கும் கொடுக்காதவரும் கொடுப்பார். தவிர, 2014-இல் கோவையில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட், அதே ஆண்டில் டெல்லியில் தொடங்கிய ராபின் ஹூட் ஆர்மி போன்ற அமைப்புகள், திருமண மண்டபங்களிலும் உணவகங்களிலும் மிஞ்சுவதைச் சேகரித்துப் பகிரும் முறையை நன்றாகப் பழக்கப்படுத்தியிருக்கின்றன.

சமையலுக்கு அடுப்பும் பாத்திரமும் இல்லாதவர்க்கு இதைத் தவிர வேறு வழியில்லை. அரசுப் பொது மருத்துவமனைகளில் நோயாளிக்கு உணவு கிடைக்கும், உடனிருப்பவர் வெளியே வாங்கித்தான் உண்ண வேண்டும். தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து மூன்று வாரம் தரையில் படுத்திருப்பவர்க்கு மளிகைப் பையால் என்ன பயன்? நடைபாதையில் வாழ்பவர், படுக்கையில் கிடக்கும் தனி முதியவர், பேறுகாலத்தில் துணையில்லாத பெண் ஆகியோருக்கும் சமைத்த உணவே தேவை.

வீட்டில் அடுப்பு உள்ள குடும்பத்துக்கு இது விலையுயர்ந்த வழி. சமையல்காரர் கூலி, வணிகப் பயன்பாட்டுக்கான சிலிண்டர் (வீட்டுச் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது), வண்டி, பொட்டலம் எல்லாம் சேர்ந்து நன்கொடையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஒரு சாம்பார் சாதப் பொட்டலத்துக்கு ஆகும் செலவில் அந்த வீட்டார் பருப்பு வாங்கி, இருக்கும் ரேஷன் அரிசியோடு சேர்த்து நான்கு பேருக்குச் சமைத்துவிடுவார்கள். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் விற்கும் ஊரில், பக்கத்தில் அப்படியொரு கிளை இருந்தால், நாம் காலையிலும் மதியத்திலும் சமைப்பதில் அர்த்தமில்லை. இரவு உணவுக்கும் நடக்க முடியாதவர்க்கும் நம் சமையலை ஒதுக்கலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஐந்து வழிகளிலும் இதற்குத்தான் கண்டிப்பு அதிகம் வேண்டும். சமைத்த உணவு 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் இருக்கும்போதுதான் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சென்னையின் மே மாதத்தில், மண்டபத்தில் பத்து மணிக்குப் பரிமாறி மிஞ்சிய தயிர் சாதத்தை இரண்டு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது உதவியாகாது. சோறு இன்னும் நுட்பமானது. அதில் வளரக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. மீந்த உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறைகள் வகுத்திருக்கிறது. அவற்றின்படி பகிர்கின்ற அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும், பொட்டலத்தில் உணவின் பெயர், எங்கிருந்து வந்தது, எதுவரை உண்ணலாம், சைவமா அசைவமா என்ற விவரங்கள் இருக்க வேண்டும். இதைச் சுமையாக நினைக்கும் குழு, பதிவு பெற்ற அமைப்பு ஒன்றோடு சேர்ந்து அதன் கீழ் வேலைசெய்வதே நல்லது.

## பொதுக் குளிர்பெட்டி

2016-இல் கொச்சியில் ஓர் உணவகத்தின் வாசலில் 'நன்மமரம்' என்ற பெயரில் வைக்கப்பட்ட குளிர்பெட்டியும், 2017-இல் சென்னை பெசன்ட் நகரில் 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் வைக்கப்பட்டதும் பலரை ஈர்த்தன. கேட்காமல், பெயர் சொல்லாமல், வரிசையில் நிற்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் தன்மானத்தைக் காக்கும் அளவுகோலில் இது முதலிடம் பெறும்.

குடும்பங்களின் பசிக்கு இது விடையாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எடுப்பவர் பெரும்பாலும் அவ்வழியே போகும் தனிமனிதர்கள்: காவலாளி, தள்ளுவண்டிக்காரர், தெருவில் வாழ்பவர். நாலு குழந்தைகளோடு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தாய்க்கு, இன்று பெட்டியில் என்ன இருக்கும் என்பது உறுதியில்லை. பெட்டியின் விலையைவிட அதைப் பேணுவதுதான் செலவு: மின்கட்டணம், மழைக்கு மறைப்பு, நாள்தோறும் துடைத்துக் கெட்டதை எடுத்தெறிய ஆள், உள்ளே வைக்கப்படுவதைப் பார்த்துத் தேதி எழுதிவைக்கும் காவலர். நடைபாதையில் வைத்தால் மாநகராட்சி அனுமதியும் தேவை. ஒரு மணி நேர மின்வெட்டில் பெட்டியில் உள்ளது கெட்டதா இல்லையா என்று முடிவுசெய்ய யாராவது அங்கே இருக்க வேண்டும். உணவகங்கள் நிறைந்த தெருவில், இரவும் பகலும் ஆள் இருக்கும் கட்டடத்தின் வாசலில், மற்ற வேலைகளுக்கு மேலதிகமாக வைப்பதானால் வைக்கலாம்.

## கடைக் கணக்கு

அதிகம் பேசப்படாத இந்த வழிதான், நிலையான முகவரியும் அடுப்பும் உள்ள குடும்பங்களுக்கு எனக்குப் பிடித்தது. தெருவில் உள்ள மளிகைக் கடையில் குழு ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கு எண்ணிட்ட அட்டை ஒன்று. மாதம் 800 ரூபாய் வரைக்கும் அவர்கள் வேண்டியதை வேண்டியபோது வாங்கிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் குழு பில்லைப் பார்த்துப் பணம் கட்டுகிறது. அறுபது குடும்பத்துக்கு மாதம் 48,000 ரூபாய். அறை வேண்டாம், வண்டி வேண்டாம், பை கட்ட வேண்டாம். பக்கத்து வீட்டார் பார்வையில் அவரும் கடைக்குப் போய்வருகிறார், அவ்வளவுதான். முட்டை, காய்கறி, தயிர் என்று பையில் அடங்காதவற்றை வாங்க முடிவதும் இதில்தான். நூறு ரூபாய்க்கு எண்ணெய், மூன்று நாள் கழித்துக் கால் கிலோ பருப்பு என்று பிரித்து வாங்கிக்கொள்ளலாம் என்பதால் மாதக் கடைசி வறட்சியும் குறைகிறது.

சில்லறை விலை மொத்த விலையைவிடக் கூடுதல் என்பது கண்ணுக்குத் தெரியும் நட்டம். தெரியாதவை வேறு. அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே அதே கடையில் பாக்கி இருந்தால், கடைக்காரர் அட்டைப் பணத்தைப் பாக்கியில் கழித்துக்கொண்டு பொருள் கொடுத்ததாக எழுதிவிடலாம். பொருளுக்குப் பதில் கழிவு பிடித்துக்கொண்டு ரொக்கம் கொடுக்கலாம். யார் யாருக்கு உதவி வருகிறது என்று கடை வாசலில் பேசினால், தன்மானத்தைக் காக்கும் பயன் போயே போய்விடும். இவற்றுக்கு மாற்று உண்டு. ஒன்றுக்கு இரண்டு கடைகளைச் சேர்த்துக்கொண்டு எதில் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட வேண்டும். பில்லின் நகலைக் குடும்பத்திடமிருந்தும் பெற வேண்டும். முதலிரண்டு மாதம் பத்துக் குடும்பத்தோடு மட்டும் நடத்திப் பார்க்க வேண்டும். எதை வாங்கக் கூடாது என்ற பட்டியலைப் புகையிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிஸ்கெட்டும் காப்பித்தூளும் ஆடம்பரம் என்று வாதிடும் உறுப்பினர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அவர் வீட்டு மளிகைப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாம்.

நேரடியாக வங்கிக் கணக்கில் பணம் போடலாமே என்ற கேள்வி எழும். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகையாக அரசே மாதம் ஆயிரம் ரூபாயைப் பெண்களின் கணக்கில் செலுத்தத் தொடங்கியது, அதற்கு நல்ல முன்மாதிரிதான். ஆனால் சிறு குழுவுக்கு, நன்கொடையாளரிடம் பில் காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கிறது. தவிர, கடன்காரரோ கணவரோ பணத்தைப் பறிக்கும் வீடுகளும் உண்டு. அங்கெல்லாம் கடைக் கணக்கே பாதுகாப்பு.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்குப் பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு | தேவைப்படும் ஆள் | எப்போது தவிர்க்க வேண்டும் |
|---|---|---|---|---|
| மளிகைப் பை | பேரிடரில் எல்லாம் இழந்தவர் | சேமிப்பு, தரச்சோதனை, கூட்டம் | ஓரிரு நாளுக்குப் பலர் | மாதாந்தர உதவியாக |
| பொருள் அறை | ஒரே பகுதியில் நெருக்கமாக வாழும் குடும்பங்கள் | வாடகை, இருப்புக் கணக்கு, வேண்டாத பொருள் | வாரந்தோறும் மூவர் | தவறாமல் திறக்க ஆள் இல்லாதபோது |
| சமைத்த உணவு | அடுப்பில்லாதவர், மருத்துவமனையில் உடனிருப்போர் | கூலி, எரிவாயு, பதிவு, கெடும் ஆபத்து | நாள்தோறும் சிலர் | வீட்டில் சமைக்க முடிந்தவர்க்கு |
| குளிர்பெட்டி | வழிப்போக்கர், தெருவில் வாழ்பவர் | பேணல், மின்சாரம், காவல் | நாள்தோறும் ஒருவர் | காவலர் இல்லாத இடத்தில் |
| கடைக் கணக்கு | முகவரியும் அடுப்பும் உள்ள குடும்பம் | சில்லறை விலை, கடைக்காரரின் நேர்மை | மாதம் இருவர் | நம்பத்தகுந்த கடை இல்லாதபோது |

## பணம் செலவழிக்கும் முன்

ஐந்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் மாதத்தில் பொருளே கொடுக்காமல் குடும்ப அட்டை வேலையை மட்டும் செய்தால் கிடைக்கும் பயன் பெரிது. பெற்றோர் அட்டையிலிருந்து பெயர் நீக்கிப் புதிய அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது, சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்ற முடியுமா என்று வழங்கல் அலுவலகத்தில் கேட்பது, கடைக்குப் போக முடியாத முதியவருக்கு அங்கீகரிக்கப்பட்ட நபரைப் பதிவுசெய்வது ஆகியவை நாலைந்து நடைக்குள் முடியக்கூடியவை. வயது முதிர்ந்தவர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. தம் பெயர் அதில் உண்டா என்று அறியாத முதியவர்கள் இருப்பார்கள், விசாரித்துச் சொல்லலாம். வெளிமாநிலத் தொழிலாளியிடம் சொந்த ஊரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெற்ற அட்டை இருந்தால், 2020 அக்டோபரிலிருந்து ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் இங்குள்ள கடையிலேயே தன் பங்கைப் பெறலாம். மொழி தெரிந்த ஒருவர் முதன்முறை உடன் போனால் போதும்.

ஒரு குடும்பத்துக்கு அட்டை கிடைத்துவிட்டால், அரிசிக்காக நாம் ஆண்டு முழுதும் செலவழிக்க வேண்டிய தொகை மிச்சமாகிறது. அந்தப் பணம் பருப்புக்கும் முட்டைக்கும் போகட்டும்.

## கலந்து செய்வதானால்

பத்துப் பேரும் மாதம் ஐம்பதாயிரம் ரூபாயும் உள்ள குழுவுக்கு நான் பரிந்துரைப்பது இது. குடும்ப அட்டை வேலைக்கு இருவர். முப்பது நாற்பது குடும்பங்களுக்குக் கடைக் கணக்கு, அதைப் பார்த்துக்கொள்ள இருவர். மிச்சப் பணத்தில் ஒரு பகுதியைத் திடீர்த் தேவைக்காக ஒதுக்கிவைத்து, அதிலிருந்து மளிகைப் பையோ சமைத்த உணவோ கொடுக்கலாம். இலவச அறை கிடைத்து, ஆட்களும் நிலைத்தால், ஓராண்டுக்குப் பின் கடைக் கணக்கைப் பொருள் அறையாக மாற்றிக்கொள்ளலாம். மொத்த விலையில் வாங்குவதால் அதே பணத்தில் கூடுதல் குடும்பங்களைச் சேர்க்க முடியும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் குழு மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, இரவு உணவிலிருந்து தொடங்கலாம்.

குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தொகையோடு காலத்தையும் சொல்லிவிட வேண்டும்: ஆறு மாதம், பிறகு நிலைமையைப் பார்த்து நீட்டிப்போம் என்று முதல் நாளே சொன்னால், நிறுத்தும்போது மனக்கசப்பு குறையும். நன்கொடையாளருக்கு அனுப்புவது கடை பில்லும் இருப்புக் கணக்குமாக இருக்கட்டும். பை வாங்கும் பெண்ணின் முகத்தைப் படம் எடுக்கவே கூடாது. படம் இல்லாவிட்டால் நன்கொடை குறையும் என்ற அச்சம் நியாயமானதுதான். குறைந்தால், குறைந்த குடும்பங்களோடு நடத்தலாம்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பள்ளி விடுமுறையில் காலை உணவும் மதிய உணவும் நின்றுவிடுகின்றன. இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் நாளுக்கு நான்கு வேளைச் சாப்பாடு கூடுதலாகத் தேவைப்படும் அந்த வாரங்களில்தான் பல குழுக்களின் உறுப்பினர்கள் தங்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். பை, அறை, சமையல் ஆகிய மூன்றும் அப்போது ஆளில்லாமல் தடுமாறும்; கடைக் கணக்கு தடுமாறாது. அந்த இரண்டு மாதங்களுக்கும் குழந்தையுள்ள வீடுகளுக்குக் கடைக் கணக்குத் தொகையை 800-லிருந்து 1,200 ஆக்குவதற்கான பணத்தை ஜனவரியிலேயே தனியாக எடுத்துவைத்துவிட வேண்டும்.